கம்பியில் படாத வில்

தொண்ணூறுகளின் கடைசியில், என் மகள் நாலாம் வகுப்பு படித்தபோது, அணுபுரத்தில் எங்கள் குடியிருப்பு மண்டபத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா வந்தது. குடும்பங்களுக்கும் பிள்ளைகளுக்குமான கிறிஸ்துமஸ் கச்சேரி. கடைசிப் பாட்டில் உள்ளூர்ப் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்கலாம் என்றார்கள். வயலின் என்றால் வயலின்தானே என்று நான் முந்திக்கொண்டு மகள் பெயரைக் கொடுத்தேன். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த, குடியிருப்பில் இருந்த ஒரே வயலின் டீச்சர் கர்நாடக சங்கீதக்காரர். அவரிடம் அந்தப் பாட்டையும் ஸ்வரம் போட்டு வாங்கிவந்து, டிசம்பர் பிறந்ததிலிருந்து அதையே வாசித்து மகள் எங்கள் உயிரை எடுத்தாள்.

கச்சேரி அன்று சாயங்காலம்தான் ஒத்திகை. பட்டுப்பாவாடையோடு மேடை ஏறியவள், வகுப்பில் உட்காருவது போலவே சம்மணம் போட்டு, வயலினின் நுனியைக் கால் மேல் சாய்த்துக்கொண்டாள். நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர், "இன்னா பாப்பா, கீழ குந்திகினு கீற? சேர் போட்டுக்கீறேன் பாரு" என்றார். கோட்டு போட்ட சென்னைப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தாள். அவள் கம்பிகள் வேறு சுருதியில் இருந்தன. மற்றவர்களோடு ஒட்டவே இல்லை. ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் நல்ல மனுஷர்தான். அவளிடம் குனிந்து, "சுருதிய மாத்தினா உன் விரலும் மாறணும்மா, இப்ப நேரமில்ல. வில்லைக் கம்பியில படாம ஆட்டு, போதும். யாருக்கும் தெரியாது" என்றார். மேடை ஓரத்தில் நின்ற எனக்கு அது நன்றாகக் கேட்டது. வா, வீட்டுக்குப் போகலாம் என்றேன். "அப்பா பாக்க வருவாங்கம்மா" என்று அவள் மறுத்துவிட்டாள்.

என் கணவருக்கு அன்று அணு ஆலையில் ஷிப்ட். மாற்று ஆள் வந்து பொறுப்பேற்றால்தான் இடத்தை விட்டு நகர முடியும். கடைசிப் பாட்டுக்குத்தான் ஓடி வந்தார், கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல். மண்டபமே எழுந்து பாடியது. சிவப்புத் தொப்பி போட்ட பொடிசுகள் நாற்காலிகள் மேல் ஏறிக் குதித்தன. என் மகள் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்துப் பார்த்து, வில்லைக் காற்றில் இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

முடிந்ததும் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு, "இத்தனை வயலின்ல உன் சத்தம் மட்டும் தனியா கேட்டுச்சு பாப்பா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் வயலினை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினேன்.

ஜனவரியில் வகுப்பு மறுபடி தொடங்கியது. வயலின் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நான் போகலம்மா. வாசிக்காமலே அப்பாவுக்குக் கேக்குதுல்ல."