சிவப்புத் துணி கட்டிய கழிகள்

ஆற்றுமுகத்து மணல்மேட்டுச் சரணாலயத்தில் அவர் இருபத்திரண்டு வருடம் காவலர். குச்சிக் கால், நீண்ட கழுத்து. ஊருக்கு அவர் ‘நாரை’.

முகத்துவாரத்து மணல் இந்த வாரம் இருந்த இடத்தில் அடுத்த வாரம் இருக்காது. திங்கள்தோறும் நீர் வற்றும்போது மூங்கிலால் குத்திப் பார்த்து, கெட்டியான மணலில் மட்டும் சிவப்புத் துணி கட்டிய கழிகளை நடுவார். பறவை எண்ண வருபவர்கள் அந்த வரிசையைப் பிடித்துத்தான் திட்டுக்குப் போவார்கள். மணல் திருடுகிறவர்களும் அதே வரிசையில்தான் டிராக்டர் ஓட்டினார்கள்.

ஒரு திங்கள், மணலிலேயே கூடு வைக்கும் ஆலாப் பறவைகளின் குஞ்சுகள் சக்கரத் தடத்தில் நசுங்கி மணலோடு ஒட்டிக் கிடந்தன. நாற்பத்தொரு கூடு. தாய்ப் பறவைகள் இறங்கி இறங்கி அவர் தலையைக் கொத்தின. தலையில் ரத்தம் வழியக் கழிகளைப் பிடுங்கினார். எண்ண வருபவர்களுக்குப் போன் செய்து, “இந்த வாரம் வராதீங்க” என்றார். பிறகு அத்தனையையும் புதைமணலில் நட்டார்.

மறுநாள் விடியலில் டிராக்டர் அதில் புதைந்தது. அதிலிருந்து குதித்துத் தப்பிய இருவர் கரைக்கு வந்து மண்வெட்டியால் அவர் இடது முழங்கையை உடைத்தார்கள்.

“உள்ளே மாட்டினது யாருன்னு போய்ப் பாருடா!” என்று ஒருவன் கத்தினான்.

மனைவியின் தம்பி. மார்புவரை மணல், கடல்நீர் ஏறிக்கொண்டிருந்தது.

“மாமா, உங்க கழியை நம்பித்தானே வந்தேன்!”

“வாயை மூடுடா. உதைக்காதே, இன்னும் இறங்குவே. மல்லாந்து சாய்.”

கழிகளைப் பிடுங்கிப் பாய்போல் பரப்பி, அதில் குப்புறப் படுத்து ஒற்றைக் கையால் தோண்டினார். அவனுடைய பாதம் புதைந்த டிராக்டரின் கிளட்ச் மிதியில் சிக்கியிருந்தது. தண்ணீர் தாடையைத் தொட்டபோது இழுத்தார். அவன் கால் எலும்பு முறிந்த சத்தம் அலையைத் தாண்டிக் கேட்டது.

கரையேறியதும் மச்சான் உட்கார்ந்தபடியே ஒரு கழியை எடுத்து அவர் முகத்திலேயே அடித்தான். இரண்டு பல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் மனைவி கேட்டாள்: “என் தம்பி ஓட்டுறான்னு தெரிஞ்சிருந்தா அங்கே நட்டிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“வேற எவளோட தம்பியோன்னா?”



அடுத்த திங்கள், கழுத்தோடு தூக்கிக் கட்டிய கையோடு போய்க் கெட்டி மணலில் கழி நட்டார். அதன்பின் ஒரு கழியும் பொய் சொன்னதில்லை. டிராக்டர் வந்தால் கூடுகளுக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு முறை வண்டி நின்றது.

மூன்றாம் முறை நிற்கவில்லை.