கூப்பிட்டால் திரும்பும் கண்

மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம் எனக்கு. மூட்டையின் வாயைப் பார்த்து விலை பேசுகிற பழக்கம் கிடையாது. அடியில் குத்தூசியால் குத்தி எடுத்து, பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்ப்பேன். எட்டு வயது மகளின் வலது கண் அவ்வப்போது வெளிப்பக்கம் ஒதுங்குகிறது என்று மனைவி சொன்னபோது, அவள் பேச்சைத்தான் சந்தேகப்பட்டேன். நான் கூப்பிட்டுப் பார்க்கும்போதெல்லாம் கண் ஒழுங்காகவே இருந்தது.

வைப்பின் தீவுக்குப் போகப் படகுக்குக் காத்திருந்த ஒரு மதியம், வெயில் தாங்காமல் மகள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். திறந்ததும் வலது விழி காதுப்பக்கமாகச் சறுக்கிப் போனது. "மோளே!" என்றேன். உடனே திரும்பி வந்துவிட்டது. மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா பேனாவை நீட்டினார். கண் யோக்கியமாக நின்றது. பிறகு அதை ஒட்டுப் போட்டு வெகுநேரம் மூடிவைத்துத் திறந்தார், விலகி நின்றது. மூடிவைத்தே கெடுத்துவிட்டாரோ என்றுதான் எனக்குப் பட்டது. சிலருக்குத் தூரத்தில் பார்க்கும்போது அதிகம் விலகுமாம், சிலருக்குப் பக்கத்தில், சிலருக்கு இரண்டிலும் ஒரே அளவு. எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்தத் தசையைத் தொடுவது என்று முடிவு செய்ய முடியுமாம். இவளுக்குத் தூரத்தில். ஆபரேஷன் இரண்டு கண்ணிலும்.

"கேடு ஒரு கண்ணுக்குத்தானே? நல்ல கண்ணை எதுக்குத் தொடணும்?"

"ரெண்டும் ஜோடியாத்தான் வேலை செய்யுது, சேட்டா. வெளிப்பக்கத் தசையைக் கொஞ்சம் பின்னாடி தள்ளித் தைப்போம். இப்படியே விட்டா ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கறது போயிடும். பின்னே எது கிட்டே, எது தூரேன்னு சரியாத் தெரியாது."

அரைமனதாகத் தலையாட்டினேன். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தபோது இரண்டு கண்ணும் சிவந்து, மூக்கைப் பார்த்து நின்றன. "ரெண்டு அப்பா காணுது" என்றாள். நான் சண்டைக்கே போய்விட்டேன். வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகத் திருப்பியிருக்கிறோம், தானாக நேராகும் என்றார் டாக்டரம்மா. கையும் களவுமாகப் பிடிபட்டவன்கூட இப்படிச் சமாளிக்க மாட்டான் என்று நினைத்தேன். ஆனால் சில வாரங்களில் நேரானது.

அப்போதும் மனம் ஆறவில்லை. சிலருக்கு மறுபடி விலகுவதும் உண்டு என்று அவரே சொல்லியிருந்தார். சோறு தின்னும்போதும் டிவி பார்க்கும்போதும் அவள் விழியையே வேவு பார்த்தேன். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, தேம்பித் தேம்பி அழுதபடி எதையோ சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, நீங்க என் கண்ணையே நோக்கிட்டிருக்கீங்க. நான் எதுக்கு அழுது கரையறேன், சொல்லுங்க?"