காய்ந்த தரை என்று எழுதியவர்

பலத்த மழையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களைச் செங்குத்தான மலைக்கு அனுப்பக் கூடாது. எவராவது விழுந்தால் அன்றே விபத்துப் புத்தகத்தில் உள்ளபடி எழுத வேண்டும். எங்கள் தோட்டத்து ஆபீஸ் சுவரில் இந்த விதிகளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். கண்ணாடியைத் துடைப்பதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

1954 ஜூனில், கொட்டும் மழையில் என் அம்மா கூடையோடு சரிந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவரை மலைக்கு அனுப்பிய மேற்பார்வையாளரான கண்டாக்கு, ‘காய்ந்த தரையில், தன் கவனக்குறைவால் விழுந்தாள்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். கவனக்குறைவு என்றால் குணமான பின் இலகு வேலை கிடையாது, பதிவேட்டில் பேரை வெட்டுவார்கள், தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போய்விடும். சின்னக் கிளாக்கரான எனக்குக் குவார்ட்டர்ஸ் இல்லை. இருவருக்கும் அந்த அறைதான்.

அம்மா டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவர் விழுந்ததற்குக் கண்டாக்கு எழுதியிருந்த ‘ஃபால்’ என்ற ஆங்கிலச் சொல்லை நான் அகராதியில் தேடிப் படித்தேன். பழைய ஜெர்மானிய வேர். கோட்டை விழுவது, விலை விழுவது, மனிதன் பாவத்தில் விழுவது எல்லாம் அதற்குள் அடக்கம். அமெரிக்காவில் இலையுதிர் காலமே அதுதான். பகைவன்மேல் பாய்வதும் ஒரு பொருள்; அதை எனக்கென்று வைத்துக்கொண்டேன். மழை பெய்வதும் அதே சொல் என்று கண்டபோது, நானே எழுதிவந்த மழைப் புத்தகம் நினைவுக்கு வந்தது.

தினமும் காலையில் மழைமானியை அளந்து எழுதுவது என் வேலை. அதைப் படித்துப் பார்க்காமல் கீழே கையெழுத்துப் போடுவது கண்டாக்கின் வேலை. அம்மா விழுந்த நாளுக்கு மூன்றரை அங்குலம். கீழே அவர் கையெழுத்து.

விபத்துப் புத்தகம், மழைப் புத்தகம் இரண்டிலும் அந்த நாளின் பக்கங்களை நகலெடுத்து முதலில் தோட்ட நிர்வாகியான துரைக்குக் கொடுத்தேன். பதினான்கு நாள் பொறுத்து நினைவூட்டல். அதற்கும் பதிலில்லாததால் தோட்டத்தை நடத்திய கொழும்பு ஏஜென்சிக்குப் பதிவுத் தபால். பிறகு மாதம் ஒரு நினைவூட்டல்.

விஷயம் தெரிந்து கண்டாக்கு சிரித்தார். “என்னா தம்பி, ஒங்கம்மா விழுந்ததுக்கு அகராதியில எடம் தேடுறியாம்?”

“மழைப் புத்தகத்துல எடம் கெடைச்சிருச்சிங்க ஐயா. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

அம்மாவுக்குத்தான் மனம் கேட்கவில்லை. “விட்டுருப்பா. அவருக்கும் புள்ளகுட்டி இருக்கு.”

“இருக்கட்டும்மா. அதுங்களும் படிச்சிப் பாக்கட்டும்.”

நான் விடவில்லை. கடைசிக் கடிதத்தில் ஒரு கோரிக்கையும் சேர்த்தேன்: திருத்தத்தைக் கண்டாக்கே எழுதி, அம்மாவின் முன்னால் தமிழில் வாசிக்க வேண்டும். அம்மாவுக்கு இலகு வேலையும், அறையும், நான் கேட்ட அந்த வாசிப்பும் உண்டு என்று ஏஜென்சியிடமிருந்து பதில் வந்தது, 1955 பெப்ரவரி 11ஆம் தேதி.