மருந்து கணக்கில் சேராது

1. பங்குனித் திருவிழா நெருங்கும்போது மாமாவின் வலது தோள் வீங்கியது.
2. மாமா வெறும் வயிற்றில் ஆஸ்பிரின் மாத்திரை போட்டுக்கொண்டார்.
3. சாமி தூக்கி வரும் வழியில், காபி ஓட்டல் ஒன்றின் எதிரே வாந்தி எடுத்தார்.
4. அது காபி என்று பெரியப்பா தீர்மானித்தார்.
5. அது காபி இல்லை என்று தெரிந்தபோது அம்மா கைகூப்பிக் கும்பிட்டாள்.

நடந்தது நடந்த வரிசையில் எழுதியிருக்கிறேன். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் மருந்தாளுநர் படிப்புப் படித்தது அதற்கு வெகுகாலம் கழித்து.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. மயிலாப்பூர்க் கோயிலில் சாமி வாகனத்தைத் தோளில் சுமப்பது அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் எங்கள் குடும்பத்து ஆண்களின் முறை. வாகனத்தைத் தாங்கும் நீண்ட மரத்துக்கு வாரை என்று பெயர். முன்வாரையில் வலது தோள் கொடுத்து நிற்பவர் என் அம்மாவின் தம்பி. தூக்குகிறவர்களுக்கெல்லாம் தலைவர், அப்பாவின் அண்ணனான என் பெரியப்பா. அவர் சொல்லுக்கு அப்பா உட்பட யாரும் மறுசொல் சொன்னதில்லை.

தூக்குகிற நாட்களில் விடிகாலைக் குளியலிலிருந்து சாமி திரும்பி நிலைக்கு வரும்வரை பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் தொடக்கூடாது. மாமாவுக்கு இதில் சோறு கஷ்டமில்லை, காபிதான் கஷ்டம். ஐயர் ஓட்டல் காபிக்கு அவர் அடிமை என்பது தெருவுக்கே தெரியும்.

அந்த வருஷம் தோள் வீங்கிச் சிவந்து, கையைத் தூக்கவே முடியவில்லை. ஒத்தடம் கொடுத்துப் பார்த்தார்கள், எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள். ஆஸ்பிரின் போட்டால் மட்டும் வலி அடங்கியது. எங்கள் வீட்டில் அந்த மாத்திரை புதிதல்ல. அம்மாவின் பல்வலிக்கும் அப்பாவின் காய்ச்சலுக்கும் அதுதான். தலைவலி, மூட்டுவலி, வீக்கம் எல்லாவற்றையும் அது குறைக்கும் என்பது உண்மையும்கூட. இன்றும் அதை நான் நல்ல மருந்து என்றே சொல்வேன்.

ஆனாலும் மாமா முறை தவறாதவர். கொடியேற்றத்தன்று பெரியப்பாவிடம் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

“அண்ணாத்தே, மாத்திரை போட்டுக்கினா விரதம் கெட்டுப்பூடுமா?”

“மருந்து இன்னா சோறா? அது கணக்குல சேராது. போட்டுக்கோ.”

“ஐயர் ஓட்டல்ல காப்பி மாத்திரை விக்கிறாங்களாம் நைனா, அத்தயும் கேட்டுக்கோ” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

அதன் பிறகு தினமும் குளித்தவுடன் மாத்திரை. வீதி சுற்றக் கிளம்பும்போது மாத்திரை. வலி அதிகமானால் நடுவிலும் ஒன்று. எல்லோரும் பார்க்கத்தான் போட்டுக்கொண்டார். வயிறு எரிகிறது என்று அம்மாவிடம் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. பசி என்று அம்மா சொன்னாள்.

ஒரு காலை, சாமி தெற்கு மாட வீதியில் வந்துகொண்டிருந்தபோது மாமா வாரையிலிருந்து விலகிச் சாக்கடையோரம் குனிந்தார். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றிருந்தேன். ஃபில்டரைத் தட்டிக் கொட்டியது போலக் கறுப்பாக, திரிதிரியாக வந்தது. எதிரே ஐயர் ஓட்டல். கொதிக்கும் பாலின் வாசனை தெருவெங்கும் அடித்தது.

பெரியப்பா வந்து பார்த்தார்.

“இன்னாடா இது? காப்பிச் சக்கை மாரி கீது.”

“தெரியலண்ணாத்தே. சத்தியமா பச்சத்தண்ணிதான் குடிச்சேன்.”

“அப்ப வவுத்துக்குள்ள ஓட்டல் நடத்துறியா?”

யாரோ சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. “காப்பியக் குடிச்சிட்டு சாமியத் தொட்டுட்டான். இனிமே இவன் வாரையில கைய வெக்கக்கூடாது” என்றார். முன்வாரைக்கு வேறு ஆள் வந்தது. சாமி நகர்ந்தது. முறை போனால் அது மாமாவோடு போவதில்லை. அவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் போய்விடும். மாமாவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

வீட்டில் அம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். “குடிச்சிருந்தா குடிச்சேன்னு சொல்லிடுடா தம்பி. அவரு கோவம் ரெண்டு நாளு.”

“நீயே கேக்கிறியாக்கா?”

மாமா கஞ்சியைத் தொடவில்லை. தொட்டால் காபி குடித்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு கோயில் வாசலுக்குப் போய், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்தார். சாமி நிலைக்கு வந்த பிறகும் எழவில்லை. தன் நேர்மை தெரியும்வரை சாப்பாடு கிடையாது என்று பிடிவாதம். தோள் வலித்தது. மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டார். அதற்குத் தடை இல்லையே.

மறுநாள் முற்பகலில் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தார். முகம் விபூதி போல வெளுத்திருந்தது. கை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெரியப்பாவும் பின்னாலேயே நடந்து வந்தார். ஆனால் உள்ளே வராமல் வாசலில் நின்றுகொண்டார்.

டாக்டர் வயிற்றை அழுத்தியதும் மாமா மறுபடியும் கறுப்பாக வாந்தி எடுத்தார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “நேத்திலேர்ந்து வயித்துக்குள்ள என்னம்மா போச்சு?” என்று கேட்டார்.

“ஒண்ணுமே இல்லீங்க டாக்டர். பச்சத்தண்ணிதான். காப்பி குடிச்சான்னு சொல்றாங்க. அவன் குடிக்கலீங்க.”

அம்மா பொய் சொல்லவில்லை. விரதத்தில் எது சேரும், எது சேராது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அந்த முடிவின்படிதான் பதில் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கும் அது சரியான பதிலாகவே பட்டது. டாக்டர் மாத்திரையைப் பற்றித் தனியாகக் கேட்கவில்லை. அந்த நாளில் அப்படிக் கேட்கும் வழக்கமும் குறைவு.

“காபியா? இது காபி இல்லம்மா. ரத்தம். வயித்துல ரத்தம் கசிஞ்சு தங்கினா இப்படித்தான் கறுத்துப்போகும்.”

“ரத்தந்தானா டாக்டர்? நல்லாப் பாத்து சொல்லுங்க.”

“ரத்தம்தான்.”

அம்மா கைகூப்பினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “ஓடு, உங்க பெரியப்பாகிட்ட சொல்லு” என்றாள். நான் வாசலுக்கு ஓடினேன். “பெரியப்பா, அது காப்பி இல்ல! ரத்தம்! டாக்டரே சொல்லிட்டாரு!” என்று குதித்தேன். அவ்வளவு நல்ல சேதியை அதற்கு முன் நான் யாருக்கும் கொண்டுபோனதில்லை. பெரியப்பா ஏன் அப்படியே தரையில் உட்கார்ந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

மாமா பிழைத்தார். வயிற்றுப் புண், பட்டினி கிடக்காதே, காரம் தின்னாதே என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்றே பெரியப்பா வந்தார். மன்னிப்பு என்ற சொல் அவருக்குப் பழக்கமில்லை. மவுண்ட் ரோடு இங்கிலீஷ் மருந்துக் கடையிலிருந்து ஒரு பெரிய புட்டி ஆஸ்பிரின் வாங்கி வந்திருந்தார். “சாமி தூக்குற தோளு. வலிக்கவுடாத” என்று மாமாவின் கையில் வைத்தார். மாமா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். புட்டி காலியானபோதெல்லாம் பெரியப்பாவே அடுத்ததை வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த பங்குனியில் மாமா முன்வாரையில் நின்றார். அந்த ஆடியில் இறந்துபோனார். அப்போதும் வாந்தி கறுப்பாகத்தான் இருந்தது. காபி என்று யாரும் சொல்லவில்லை.

ஆஸ்பிரின் இரைப்பையின் உட்சுவரை அரிக்கும், வெறும் வயிற்றில் இன்னும் அதிகமாக, புண் இருப்பவர்களுக்குக் கூடவே கூடாது என்பதைப் படித்தபோது எனக்கு இருபது வயது. இப்போது அடையாற்றில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். பெரியப்பா நன்றாக இருக்கிறார். முழங்கால் வலிக்கு என்னிடம்தான் மாத்திரை வாங்கிக்கொள்கிறார். சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று பெரியப்பா கேட்டதில்லை, நானும் சொல்லவில்லை.