பந்தியை வாசிக்காமல் முப்பதுக்கு முப்பது

1. பதினொரு நிமிடம்

பரீட்சை தொடங்கிப் பதினொரு நிமிடத்தில் ஒரு பிள்ளை எழுந்து வந்து விடைத்தாளை என் மேசையில் வைத்தது. கொடுத்திருந்த நேரம் நாற்பது நிமிடம். ஐந்து பந்திகள், முப்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நாலு ஒப்ஷன். அந்த ரீடிங் பேப்பரை எழுதியது நான்தான். மற்ற இருபத்துமூன்று பிள்ளைகளும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இருந்த இடத்திலேயே திருத்தினேன். முப்பதுக்கு முப்பது.

சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த ஐந்து பந்திகளையும் எழுதிய நானே வேகமாக வாசித்தாலும் பதினொரு நிமிடம் காணாது. யாரோ பேப்பரை வெளியே விட்டுவிட்டார்கள், இவள் பார்த்தடித்துவிட்டாள் என்று அந்த நொடியிலேயே முடிவுகட்டிவிட்டேன். எனக்கு இந்த விஷயத்தில் பொறுமை குறைவு. இளம் ஆசிரியர்கள் இதை வாசிப்பதாக இருந்தால், நான் செய்த முதல் பிழை இதுதான் என்று குறித்துக்கொள்ளலாம்.

எங்கள் நிறுவனம் லண்டனில் ஆர்ச்வேயில், ஒரு கோழிப்பொரியல் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. முதலாளி சிவநேசன் அண்ணை. சனிக்கிழமைகளில் தன் வீட்டு முன்னறையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துத் தொடங்கியவர். பிறகு எப்படியோ சீனாவில் ஒரு பாடசாலைக் குழுவோடு தொடர்பு கிடைத்து, அங்கே உயர்தரத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கில கிராமர், ரீடிங் பயிற்சிப் பேப்பர் செய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்டார். கோடை விடுமுறையில் அங்கிருந்து ஒரு செட் பிள்ளைகள் மூன்று கிழமைக்கு இங்கே வந்து படிப்பார்கள். பேப்பர் எழுதுவதும் அவர்களுக்குப் படிப்பிப்பதும் என் வேலை. விம்பிள்டனிலிருந்து இரண்டு ட்ரெயின் மாறி அப்போதே பதினாலு வருடமாகப் போய் வந்துகொண்டிருந்தேன்.

கிராமரில் அந்தப் பிள்ளைகளை அசைக்க ஏலாது. ஆயிரக்கணக்கில் பயிற்சி செய்த கைகள். நான் ஒளித்துவைத்த கண்ணிகளை எல்லாம் காலால் தட்டிவிட்டுப் போவார்கள். ரீடிங்கில்தான் எங்களுக்கு வேலை இருந்தது. அந்தக் கோடையில் நான் எழுதிய புதுப் பேப்பர் சரிவந்தால், அடுத்த வருடம் முழுக்க அந்தக் குழுவின் எல்லாப் பாடசாலைகளுக்கும் நாங்களே பேப்பர் செய்யலாம். அண்ணை அந்த ஒப்பந்தத்துக்காக இரண்டு வருடமாக நடையாய் நடந்திருந்தார்.

2. "ஒருத்தியோடை முடிச்சிடுவம்"

பிள்ளையின் பெயர் ஜியா. பதினாறு வயது. கூட வந்த ஆசிரியை மிஸ் சென், நாற்பது வயதிருக்கும், அளந்து பேசுகிறவர். புள்ளிகளைப் பார்த்ததும் அவருடைய முகம் இறுகிப்போனது. களவு என்றால் பாடசாலைக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார். கடிதம் போனால் வெளிநாட்டில் படிக்க ஆயத்தப்படுத்தும் சிறப்பு வகுப்பிலிருந்து ஜியாவை எடுத்துவிடுவார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு எங்களுடைய அறிக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணை கதவைச் சாத்தினார்.

"ரீச்சர், பேப்பர் எங்கடை ஒஃபிஸிலை இருந்து போனது எண்டு வந்தால் கதை முடிஞ்சுது. அந்தப் பிள்ளை எப்பிடியோ களவாப் பாத்திட்டுது எண்டு எழுதி, ஒருத்தியோடை முடிச்சிடுவம்."

"முதல்லை நான் பிள்ளையோடை கதைக்கிறன் அண்ணை."

"கதையுங்கோ. ஆனால் இளகிப்போகாதேங்கோ."

இளகும் மனநிலையில் நானும் இருக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் ஜியாவைத் தனியாகக் கூப்பிட்டு, யார் பேப்பரைத் தந்தது என்று கேட்டேன். நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"யாரும் தரவில்லை."

"அப்படியென்றால் அவ்வளவு விரைவாக எப்படி வாசித்தாய்?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். பயம் இருந்தது, ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"நான் வாசிக்கவே இல்லை, மிஸ்."

என்னுடைய காது சூடாகிவிட்டது. பதினாலு வருடத்தில் எத்தனையோ சாட்டுக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு திமிரான சாட்டைக் கேட்டதில்லை. எழும்பிப் போய் என் இழுப்பறையைத் திறந்தேன். நான் அந்தக் கிழமைதான் எழுதி முடித்த இன்னொரு பேப்பர் உள்ளே இருந்தது. என்னைத் தவிர ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. பந்திகள் இருந்த தாள்களைக் கழற்றி எடுத்துவிட்டு, கேள்விகளை மட்டும் அவளுக்கு முன்னால் வைத்தேன். இதற்கு மேல் உன்னால் ஒன்றும் செய்ய முடியாது பெண்ணே என்ற நினைப்பு.

ஒன்பது நிமிடம் எடுத்தாள். முப்பதுக்கு இருபத்தாறு.

3. என் கையெழுத்து

நாலு பிழைக்கு மன்னிப்பு வேறு கேட்டாள். நான் கதிரையில் இருந்துவிட்டேன். எப்படி என்று கேட்டேன்.

அவள் பென்சிலை எடுத்து ஒரு கேள்வியைக் காட்டினாள். நகரத்தில் தேனீ வளர்ப்பது பற்றிய கேள்வி. ஒப்ஷன்கள் இப்படி இருந்தன. ஒன்று: தேனீக்கள் ஆபத்தானவை. இரண்டு: நகரத்தில் தேனீக்கள் எப்போதும் செத்துவிடும். மூன்று: போதிய பூக்கள் இருக்கும் இடங்களில் நகரத்துத் தேனீக்கள் ஓரளவு நன்றாக வாழக்கூடும். நாலு: தேனீக்களால் ஒரு பயனும் இல்லை.

"சரியான விடைதான் எப்போதும் நீளமாக இருக்கும். அதில் 'ஓரளவு', 'சில வேளை' என்று மெதுவான சொற்கள் இருக்கும். பிழையான விடைகள் எல்லாம் கோபமாகப் பேசும்."

கோபமாகப் பேசும்! அப்படியே சொன்னாள்.

எங்கள் தொழிலில் சரியான விடையை 'கீ' என்போம். மற்ற மூன்றும் 'டிஸ்ட்ராக்டர்', அதாவது பிள்ளையைத் தடுமாற வைக்கப் போடுபவை. கீயை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று நான் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சேர்த்து இழைப்பேன். டிஸ்ட்ராக்டருக்கு வரும்போது களைத்துப்போய் மூன்று வரியைக் கிறுக்கித் தள்ளுவேன். பதினாலு வருடமாக இதைத்தான் செய்திருக்கிறேன். கவனமான எழுத்தாளர் என்று எனக்குப் பெயர் வேறு. கண்ணுக்கு முன்னால் அப்பட்டமாகக் கிடந்தது எனக்குத் தெரியவில்லை, இந்தப் பிள்ளைக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

"முதல் கேள்விகளிலேயே பிடித்துவிட்டாயா?"

"ஆறாவது கேள்வியில், மிஸ். எங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ பேப்பர் தருவார்கள். எல்லாப் பந்தியையும் வாசிக்க நேரம் இல்லை. அதனால் முதலில் பேப்பர் எழுதியவரை வாசிப்போம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, மறைப்பானேன், அவள் மேல் ஒரு பெரிய மதிப்பும் வந்தது.

4. பத்து மணிக்கு

அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்தார்.

"உங்கடை வாயாலையே உங்கடை பேப்பர் பிழை எண்டு சொல்லப் போறியளோ?"

"ஓம்."

"விசரே ரீச்சர்? ஒப்பந்தம் போயிடும். உங்கடை பேரும் போயிடும்."

"பிள்ளை களவெடுக்கேல்லை அண்ணை. என்ரை பேரைக் காப்பாத்த அதின்ரை பேரைக் கெடுக்க என்னாலை ஏலாது."

"பேப்பரைப் பற்றிக் கதைக்காமல் பிள்ளையை விட ஒரு வழியும் இல்லையோ?"

"இல்லை. வேறை என்னத்தைச் சொன்னாலும் ஆர் நம்புவினம்?"

அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கும் பயம்தான். ஐம்பத்தெட்டு வயதில் மூக்குடைந்து வெளியே போனால் இன்னொரு இடத்தில் யார் வேலை தருவார்கள்? இருந்தாலும் காலையில் நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனேன். தோற்கப் போவதென்றாலும் ஒழுங்காகத் தோற்க வேண்டும் என்பது என் கொள்கை.

பத்து மணிக்கு மிஸ் சென் வந்தார். ஜியா அவருக்குப் பின்னால் வந்து சுவரோரம் நின்றாள். திரையில் பாடசாலைக் குழுவின் பொறுப்பாளர் இருந்தார். அண்ணை வாயைத் திறக்கும் முன் ஜியா முப்பது எடுத்த அதே பேப்பரில் எல்லோருக்கும் ஒவ்வொரு கேள்வித்தாள் கொடுத்தேன். பந்தி இல்லை, வெறும் கேள்வி. திரையில் இருந்தவருக்கும் அனுப்பிவிட்டேன்.

"ஜியா எப்படிச் செய்தாள் என்று எழுதச் சொன்னீர்கள். எழுதுவதை விடச் செய்து காட்டுவது சுலபம். மிக நீளமான விடையைத் தெரிவுசெய்யுங்கள். சந்தேகம் வந்தால் மெதுவாகப் பேசும் விடையைத் தெரிவுசெய்யுங்கள். பத்து நிமிடம்."

எழுதி முடித்ததும் நான் திருத்தினேன். மிஸ் சென்னுக்கு இருபத்தெட்டு. திரையில் இருந்தவருக்கு இருபத்தேழு. சிவநேசன் அண்ணை, பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஆங்கிலக் கட்டுரை என்றால் ஓடி ஒளிபவர், இருபத்தொன்பது எடுத்துவிட்டார்.

"ஐயோ, நான் இங்கிலிஷிலை கெட்டிக்காரன் போலை கிடக்கு!" என்று தமிழில் சத்தமாகச் சொல்லிவிட்டார். மொழி விளங்காவிட்டாலும் மிஸ் சென் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு அறையில் இருந்த இறுக்கம் கழன்றது.

"களவு நடக்கவில்லை," என்றேன். "பேப்பர் மோசம். எழுதியது நான்."

மிஸ் சென் எழும்பிப் போய் ஜியாவின் தோளைத் தொட்டு அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அதுவரை கண் கலங்காமல் நின்ற பிள்ளை அப்போதுதான் அழுதது. கடிதம் இல்லை என்று எனக்கு விளங்கியது. என்னுடைய கண்ணும் நனைந்துவிட்டது, அதை மறைக்க நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியென்றால் இந்தப் பேப்பரை நாங்கள் ஏன் வாங்க வேண்டும்?"

"இதை வாங்க வேண்டாம். இந்தப் பிள்ளைகள் திரும்பிப் போவதற்குள் வேறொன்று தருகிறேன். முதலில் பந்தி இல்லாமல் இவர்களே எழுதிப் பார்க்கட்டும். யாராவது பத்துக்கு மேல் எடுத்தால் நான் வேலையை விட்டுவிடுகிறேன்."

அண்ணை மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். காலம் கடந்துவிட்டது.

5. எட்டுப் புள்ளி

அடுத்த இரண்டு கிழமை நான் உழைத்ததுபோல் அதற்கு முன்பும் பின்பும் உழைத்ததில்லை. நாலு ஒப்ஷனையும் ஒரே நீளத்துக்கு வெட்டினேன். டிஸ்ட்ராக்டர் ஒவ்வொன்றையும், பந்தியை அரைகுறையாக வாசித்த ஒருவர் உண்மையாகவே நம்பக்கூடியதாக எழுதினேன். ஒரு நல்ல பிழையான விடைக்கு அரை மணித்தியாலம் போகும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து கேள்வியைக் கொண்டுபோய்ப் பந்தியில்லாமல் வகுப்பில் வைப்பேன். ஜியாவின் தலைமையில் இருபத்துநாலு பேரும் நாய்க்குட்டிகள் எலும்பைக் கண்டதுபோல் பாய்வார்கள். "மிஸ், மூன்றாவது கேள்வியில் கீ மட்டும் மரியாதையாகப் பேசுகிறது!" என்று கத்துவார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டு திரும்ப எழுதுவேன். வாய் திறக்காத வகுப்பு என்று மிஸ் சென் முதல் நாள் சொல்லியிருந்தார். அந்தச் சத்தத்துக்குக் கீழ்க் கோழிக்கடைக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கடைசிக் கிழமை பேப்பர் முழுசாக வந்தது. முதலில் பந்தி இல்லாமல். மிஸ் சென்னே மேற்பார்வை, மிஸ் சென்னே திருத்தினார். வகுப்பில் ஒருவரும் பத்தைத் தாண்டவில்லை. ஜியாவுக்கு எட்டு. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் அவ்வளவு வரும்.

ஒரு பிள்ளை பரீட்சையில் தோற்றதற்காக ஒரு ஆசிரியை துள்ளிக் குதித்தது அன்றுதான் நடந்திருக்கும். ஜியாவும் என்னோடு சேர்ந்து குதித்தாள். "என்னை மடக்கிவிட்டீர்கள் மிஸ்!" என்று கைதட்டினாள். அண்ணை வாசலில் நின்று, "ரீச்சர், பிள்ளையள் பெயில், நீங்கள் ஏன் ஆடுறியள்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே போய் எல்லோருக்கும் கீழே இருந்து சிப்ஸ் வாங்கி வந்தார். அன்று பின்னேரமே பாடசாலைக் குழுவின் பொறுப்பாளர் ஒரு வருடத்துக்கு எங்கள் பேப்பர்தான் என்று உறுதி சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் ஒஃபிஸிலிருந்து எந்தப் பேப்பரும் முதலில் பந்தியில்லாமல் பரீட்சிக்கப்படாமல் வெளியே போனதில்லை. அந்த முறைக்கு ஜியா டெஸ்ட் என்றே பெயர்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். மாணவர் உங்களை ஏமாற்றிவிட்டார் என்று தோன்றினால், முதலில் உங்கள் கேள்வியை எடுத்துப் பாருங்கள். நாங்கள் வாசிக்கத் தேவையில்லாத பேப்பரைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் வாசிக்கவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

சிப்ஸ் முடிந்தபின் அதே பேப்பரைப் பந்திகளோடு கொடுத்தேன். ஜியா நாற்பது நிமிடத்தையும் எடுத்தாள். ஒரு பந்தி, லண்டனில் பஸ் ஓட்டும் ஒரு பெண் வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் படகு ஓட்டப் பழகுவது பற்றியது. அதில் ஜியாவின் இடது கை விரல் வரிவரியாக ஊர்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பதுக்கு இருபத்துநாலு எடுத்தாள். புள்ளியை அவள் கேட்கவே இல்லை.

"மிஸ், அந்தப் பெண் கடலுக்குப் போனாளா?" என்று கேட்டாள்.

முந்நூறு சொல்லுக்குள் அடக்க வேண்டும் என்று, அவள் படகு பழகும் இடத்தோடு கதையை நான்தான் வெட்டியிருந்தேன். நான் எழுதிய பந்தி ஒன்றைப் பற்றி, பிறகு என்ன நடந்தது என்று அதுவரை ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு மிச்சக் கதையைச் சொல்லத் தொடங்கினேன்.