நான்காம் பக்கத்துக் காலியிடம்

“‘பலர் அவதி’ன்னு மொட்டையா எழுதியிருக்கே. பலர்னா எத்தனை பேர்? போய் எண்ணிட்டு வா,” என்று மிஸ் தாளைத் திருப்பிக் கொடுக்கிறார். பத்தாம் வகுப்புப் பெண் முனகிக்கொண்டே குடிநீர்க் குழாய்ப் பக்கம் போகிறாள்.

“பதினாலு பேர் மிஸ். அதுல ரெண்டு பேருக்குத் தாகமே இல்ல. கணக்கு கிளாஸுக்குப் பயந்து நிக்கிறாங்க.”

“அதையும் எழுது. அதுதான் நியூஸ்.”

பள்ளியில் அவருக்கு ரிப்போர்ட்டர் மிஸ் என்று பெயர். ஒரு நாளிதழில் பதினாறு வருடம் நிருபராக இருந்தவர். இப்போது செவ்வாய், வியாழன் பிற்பகல்களில் மாணவர்களின் மாதப் பத்திரிகைக்கு வழிகாட்ட வருகிறார். நூலகத்தின் பின்னறை, இரண்டு கணினிகள், ஒரு மேசை விசிறி. செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு நின்றபடியேதான் படிப்பார். வர்ணனைகளை அடிப்பார், அடித்தபின் எழுதியவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். பேட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரே புத்திமதி: “வாயை மூடிக்கிட்டு உக்காரு. அவங்களே கொட்டுவாங்க.”

வேறு பள்ளிகளும் கூப்பிட்டன. இங்கே வந்ததற்குக் காரணம், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அக்காள் மகள். அக்காள் கணவர் கட்டிய மதில் இடிந்து கூலியாட்கள் இருவர் இறந்தபோது, அந்தச் செய்தியைத் தன் பெயர் போட்டு எழுதியவர் இவர்தான். அன்றோடு அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். ஏழு வருடமாகிறது. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு கடந்துபோகிறாள். நடை அப்படியே அக்காவின் நடை. வலது தோள் சற்று முன்னால் போகும். அதைப் பார்ப்பதற்காகவே மிஸ் மூன்று மணிக்குக் கையில் ஏதாவது ஒரு தாளோடு வாசலுக்கு வந்துவிடுவார்.

போன மாத இதழுக்குத் தலைமையாசிரியையின் கடிதம் நேரத்துக்கு வந்து சேரவில்லை. நான்காம் பக்கத்தில் அவருடைய படம் மட்டும் இருந்தது. கீழே கட்டம் காலி. எத்தனை வரி பிடிக்கும் என்று பார்க்க எதையாவது தட்டி நிரப்பி வைப்பது பத்திரிகைக்காரர்களின் பழக்கம். வழக்கமாக ‘மழை மழை மழை’ என்று தட்டுகிறவர் அன்று வேறு எதையோ தட்டினார்.

“பத்து வரி பிடிக்குது. மேட்டர் வந்ததும் மாத்திடு,” என்று பக்கம் அமைக்கும் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனார். கடிதம் வந்தது. அவள் மாற்ற மறந்துபோனாள்.

அறுநூறு பிரதிகளில், தலைமையாசிரியையின் சிரித்த முகத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருந்தது:

‘அக்கா, உன் புருவத்துல இருக்கிற தழும்பு என்னால வந்தது. கதவைத் தள்ளினது நான். நீயே இடிச்சுக்கிட்டதா அம்மாகிட்ட சொல்லி என்னைக் காப்பாத்தினே. நான் எழுதின செய்தியில ஒரு வரிகூடப் பொய்யில்ல. இன்னொரு தடவை எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன். ஆனா உன் குரல் கேட்கணும்போல இருக்கு. திட்டினாலும் சரி.’

புதன்கிழமை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். தலைமையாசிரியை பத்திரிகையை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார்.

“எனக்கு அக்காவே கிடையாதும்மா! காலையிலேர்ந்து மூணு பேர் போன் பண்ணி என் புருவத்தைப் பத்தி விசாரிக்கிறாங்க.”

பக்கம் அமைத்த பெண் மூலையில் அழுதுகொண்டிருந்தாள். “அழாதே. அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுடலாம். மேடம் எழுதினது இல்லைன்னு,” என்றார் மிஸ்.

“யார் எழுதினதுன்னும் போடணுமா மிஸ்?”

பிரதிகள் முந்தின நாளே எல்லா வீடுகளுக்கும் போய்விட்டிருந்தன. அன்று மாலை மிஸ் குளிக்கப் போகும்போதுகூட அலைபேசியைக் கையோடு எடுத்துப்போனார். அது ஒலிக்கவில்லை.

மறுநாள் வியாழன். இரண்டரை மணிக்கு அறையைத் திறந்தார். விளையாட்டுப் பக்கத்துக்கு இரண்டு படங்கள் குறைந்தன. மூன்று மணிக்கு அக்காள் மகள் வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா இன்னொரு பேப்பர் வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

“வீட்டுக்கு வந்தது?”

“அப்பா கிழிச்சுட்டாரு.”

மிஸ் பத்திரிகைக் கட்டிலிருந்து ஒரு பிரதியை உருவி, நான்காம் பக்கம் வெளியே தெரியாதபடி சின்னதாக மடித்துக் கொடுத்தார். அவள் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். விளையாட்டுப் பக்கம் நாலரை மணிக்கு முடிந்தது.