இரும்பை நிறுத்திய நாற்பது நாள்

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையில் வெட்டி எறியும் குருத்தெலும்பை ஐஸ் பெட்டியில் வாங்கி வருவதுதான் கோவை லேபில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. அதிலிருந்து செல்களைப் பிரித்து, தட்டில் வளர்த்து, இரும்புக் கரைசல் ஊற்றுவோம். இரும்பு மிகுந்தால் செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு பழைய தேங்காயெண்ணெய் போலக் காறிப்போகும், செல் செத்துவிடும். இரும்பைப் பிடித்துவைக்கும் மருந்தைச் சேர்த்தால் பிழைத்துக்கொள்ளும். முதன்முதலாக அதைப் பார்த்த அன்று, வீட்டுக்குத் திரும்பும் பொள்ளாச்சி பஸ்ஸில் பரபரப்பில் என்னால் உட்காரவே முடியவில்லை.

வீட்டில் அம்மா. கொப்பரைக் களத்தில் இருபது வருடம் குத்துக்காலிட்டு இரண்டு முட்டியும் தேய்ந்தவள். எட்டு மாதம் காத்திருந்து ஒரு முட்டிக்கு ஆபரேஷன் தேதி வாங்கியிருந்தோம். அதற்குள் ரத்தம் ஊற வேண்டுமென்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

"இது முட்டிய இன்னும் அரிச்சுப்போடும்மா. வேண்டாம்."

"டாக்டர் குடுத்ததாச்சே கண்ணு?"

"நான் கண்ணால பாத்திருக்கேன்."

மாத்திரையைக் குப்பையில் போட்டேன். முருங்கைக்கீரையையும் நிறுத்தினேன். நாற்பது நாளில், நாலடி நடந்தாலே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. முட்டி வலியால்தான் என்று அதற்கும் நானே விளக்கம் சொன்னேன்.

ஆபரேஷன் அன்று காலை, மயக்க மருந்து டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார்.

"ஹீமோகுளோபின் ஏழுதான் இருக்கு. மாத்திரை போட்டீங்களா, இல்லியா?"

அம்மா பெருமையாகவே சொன்னாள்: "இல்லீங்க சார். எம் புள்ள இதத்தானுங்க ஆராய்ச்சி பண்றா. அவதான் வேண்டாம்னுட்டா."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்கம்மாவத் தட்டுல வெச்சா வளக்கறீங்க?"

ஆபரேஷன் பட்டியலில் அம்மாவின் பேரை அடித்தார்கள். அடுத்த தேதி எப்போதென்று யாரும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க ஆபரேஷன் நின்னது எனக்கு நல்லதாப் போச்சுங்க அம்மணி. என்னை இன்னைக்கே எடுத்துக்கறாங்களாமா."

"நல்லா நடங்க," என்றாள் அம்மா.

லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும்தான். அம்மா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். முட்டி நறநறத்தது எனக்கே கேட்டது. பாதியில் நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கு லேபுக்கு நேரமாச்சே கண்ணு. நீ போ, நான் மெதுவா வாரேன்."

அன்று செல்களுக்கு ஊட்டநீர் மாற்றும் நாள். தவறினால் அத்தனையும் செத்துவிடும். அம்மாவைப் படியிலேயே விட்டுவிட்டுப் போனேன்.